மருந்தாளுநர் உங்கள் வீட்டில் இருக்கிறார்

குமாரசாமி செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு நெசவாளர் நல மருந்தகத்துக்குப் போனான். கதவில் பூட்டுத் தொங்கியது. பூட்டுக்கு மேலே ஒட்டியிருந்த தாளில் தட்டச்சில் ஒரே ஒரு வரி இருந்தது: 'மருந்தாளுநர் உங்கள் வீட்டில் இருக்கிறார்.'

அங்கே அவனைத் தவிர ஒன்பது பேர் நின்றிருந்தார்கள். ஒவ்வொருவரும் அந்த வரி தமக்காகவே எழுதப்பட்டது என்று எடுத்துக்கொண்டு, இருமியபடியே வீட்டுக்குத் திரும்பினார்கள். ஒரே ஆள் எப்படி இத்தனை வீட்டில் இருப்பார் என்று யாரும் கேட்கவில்லை. தட்டச்சு செய்த தாளைக் கேள்வி கேட்கும் பழக்கம் காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் கிடையாது.

குமாரசாமியைப் பொறுத்தவரை அந்த வரி உண்மையாகவே இருந்தது. அவன் வீட்டில், தறிக்கு எதிரே, கம்பவுண்டர் பரசுராமன் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மருந்தகக் காவலாளி முனிசாமி, மருந்தகத்துச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி வந்து, மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான்.

"கடியாரத்த ஏன்பா தூக்கிக்கினு வந்த?" என்றான் குமாரசாமி.

"ஒரு வூட்டுல நாப்பது நிமிஷம் இருக்கணும்பா. ஐயா கைக்கடியாரம் செல்லாதாம். இதுலதான் ஆபீஸ் நம்பர் எழுதியிருக்குது."

சுவரோரம் பாயில் உட்கார்ந்திருந்த கமலவேணி, குமாரசாமியின் மனைவி, கம்பவுண்டரை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. அவளுடைய மாத்திரை முந்தின நாளோடு தீர்ந்திருந்தது.

"மாத்திரை?" என்றான் குமாரசாமி.

"மருந்தகத்துல இருக்குதுபா," என்றார் பரசுராமன்.

"அப்ப வாங்க, போவலாம்."

"பன்னெண்டு மணி வரைக்கும் நான் வீடு வீடா போவணும். புது ஆர்டர்."

"பன்னெண்டுக்கு மேல வர்றேன்."

"பன்னெண்டுக்கு மேல மாத்திரை குடுக்கக் கூடாது. அது பழைய ஆர்டர்."

"நீங்க வரும்போதே கையோட எடுத்துக்கினு வந்திருக்கலாமே."

"மாத்திரை அலமாரிய வுட்டு வந்தா, இருப்புப் புத்தகத்துல அங்கயே உங்க கைநாட்டு விழுவணும். புத்தகத்த மேசையோட சேத்து சங்கிலி போட்டிருக்காங்க. அது ரொம்பப் பழைய ஆர்டர்."

குமாரசாமி யோசித்தான். எட்டு முதல் பன்னிரண்டு வரை மாத்திரை கொடுக்கலாம்; ஆனால் கொடுப்பவர் அங்கே இருக்க மாட்டார். பன்னிரண்டுக்கு மேல் கொடுப்பவர் அங்கே இருப்பார். ஆனால் கொடுக்கக் கூடாது. மாத்திரையோ எந்த நேரத்திலும் அங்கேயே இருக்கும். மூன்று விதியையும் தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் நியாயம் இருந்தது. மருந்து வேளையில் கிடைக்க வேண்டும், நோயாளியை வீட்டில் போய்ப் பார்க்க வேண்டும், அரசாங்கச் சரக்கு களவு போகக் கூடாது. மூன்றையும் சேர்த்தால் மட்டும் கமலவேணியின் வாய்க்கு மாத்திரை வரவில்லை. இருநூறு பூவும் அன்னமும் உள்ள கரையை மாதிரித் தாளைப் பார்க்காமல் நெய்கிற குமாரசாமிக்கு இந்தச் சிக்கலில் நுனி எது என்றே தெரியவில்லை.

அந்த மாத்திரை எப்படிப்பட்டது என்பதைச் சொல்ல வேண்டும். காசநோய்க்கு உரியது. ஒரு நாளைக்கு ஒன்று. ஒன்றரை வருஷம் விடாமல் விழுங்க வேண்டும். நாலு மாதத்தில் இருமல் நிற்கும், உடம்பு தேறும், நோய் போய்விட்டது போலத் தோன்றும். அது போகவில்லை, உள்ளே குனிந்து உட்கார்ந்திருக்கிறது. மாத்திரை நின்றால் எழுந்துகொள்ளும். இரண்டாம் முறை எழுந்த நோய் அதே மாத்திரைக்குப் பயப்படாது. கமலவேணி மாத்திரை விழுங்கத் தொடங்கி அப்போது ஐந்தாம் மாதம்.

குமாரசாமி போய்க் கேட்டபோது பெரிய ஆஸ்பத்திரியில், "உங்க கார்டு அந்த மருந்தகத்துல இருக்குது, ஒருத்தருக்கு ரெண்டு கார்டு கிடையாது" என்றார்கள். கடைத்தெருவில், "அது கவர்மெண்டு சரக்கு, எங்ககிட்ட வராது" என்றார்கள்.

முன்பு இதெல்லாம் எளிதாக நடந்தது. மருந்தகத்தின் தெருப்பக்கச் சுவரில் ஒரு மரச் சன்னல் உண்டு. அதில் சதுரமாக ஒரு துளை, ஒரு கை நுழையும் அளவு. வெளியிலிருந்து அட்டையை நீட்டினால் உள்ளிருந்து ஒரு கை வாங்கிக்கொள்ளும். சிறிது நேரத்தில் அதே கை ஏழு மாத்திரை கொண்ட பொட்டலத்தை நீட்டும். பிறகு இருப்புப் புத்தகத்தின் ஓரம் துளைக்கு வரும்; கட்டைவிரலை வைத்துவிட்டுப் போகலாம். ஒன்பது வருஷமாகப் பிள்ளையார்பாளையம் பரசுராமனை ஒரு கையாகத்தான் அறிந்திருந்தது. கடைத்தெருவில் அவர் எதிரே வந்தால் யாருக்கும் தெரியாது. பெட்டிக்கடையில் சில்லறை வாங்க அவர் கையை நீட்டியபோது ஒரு கிழவி, "கம்பவுண்டரு!" என்று கூவியதாகச் சொல்வார்கள்.

எழுபத்தொன்றாம் ஆண்டு தை மாதத்தில் நேரடிக் கவனிப்புத் திட்டம் வந்தது. மருந்தகத்துக்கு வர வேண்டிய டாக்டர் இரண்டு வருஷமாக வரவில்லை. அதனால்தான் கம்பவுண்டரின் பொறுப்பை விரிவாக்கினார்கள் என்று சிலர் பேசினார்கள். அது தவறு. ஆணையில் டாக்டர் என்ற சொல்லே இல்லை.

தொடக்க விழாவுக்குச் சென்னையிலிருந்து தனி அலுவலர் நமச்சிவாயம் வந்தார். வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை. தொப்பையில்லாத, கவலையில்லாத மனிதர். நாற்பத்துமூன்று நோயாளிகளையும் வெயிலில் பெஞ்சுகளில் உட்கார வைத்து, அவர்களைக் கனிவோடு பார்த்துப் பேசினார்.

"இத்தனை ஆண்டுகளாக உங்களுக்கு மருந்தைக் கொடுத்தோம். மருந்தாளுநரைக் கொடுத்தோமா? இல்லை! அவரைச் சுவருக்குப் பின்னால் ஒளித்து வைத்தோம். மருந்து என்பது என்ன? ஒரு பொருள். பொருள் தீர்ந்துபோகும். அதை எலி தின்னும். அதற்குக் கொள்முதல் உத்தரவு வேண்டும். கவனிப்பு அப்படியல்ல. அது தீராது. அதை எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் வழங்கலாம், இருப்பு குறையாது. இனி அவரைக் கம்பவுண்டர் என்று அழைக்காதீர்கள். அவர் மருந்தாளுநர். அவர் உங்களுடையவர்."

பேச்சு முடிந்ததும் சுவருக்குப் பின்னால் ஒளியும் காலம் முடிந்ததன் அடையாளமாக, சன்னல் துளையின் மேல் ஒரு பலகையை வைத்து நான்கு ஆணி அடித்தார்கள். கைதட்டல் எழுந்தது. தட்டியவர்களில் பலருக்கு இருமல் வந்தது.

அதற்கடுத்த செவ்வாய்தான் குமாரசாமி பூட்டைப் பார்த்தது.

பரசுராமன் செவ்வாய்தோறும் வந்தார். கையில் முப்பத்திரண்டு கேள்வி கொண்ட படிவம். நோயாளியின் பெயர். வீட்டின் சன்னல் எந்தத் திசையைப் பார்க்கிறது? நோயாளி எந்தப் பக்கமாகப் படுக்கிறார்? நோயாளி மருந்தாளுநரை நம்புவது முழுமையாகவா, பெரிதளவிலா?

"மாத்திரை தின்றேனா இல்லையான்னு ஒரு கேள்வி அதுல இல்லியா?" என்றாள் கமலவேணி.

பரசுராமன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இல்லமா."

"பின்ன இன்னாத்துக்கு இது?"

"உங்கள நேரடியா கவனிக்கிறதுக்கு."

"கவனிச்சிட்டீங்களா? எப்படி இருக்கறேன்?"

பரசுராமன் கவனித்தார். ஆறாம் வாரம் அது. அவள் கன்னத்து எலும்பு தெரிந்தது. சாயங்காலக் காய்ச்சல் திரும்பியிருந்தது. தலையணைக்கு அடியில் அவள் மடித்துச் செருகிய துணியின் ஓரத்தில் சிவப்பு இருந்தது. அதைக் குறிக்கப் படிவத்தில் இடமில்லை. 'பிற குறிப்புகள்' என்ற இடத்தில் எழுதலாம். ஆனால் அங்கே எழுதப்படுவது நோயாளியின் மனப்பாங்கைப் பற்றியதாக மட்டும் இருக்க வேண்டும் என்று அடிக்குறிப்பு இருந்தது. பரசுராமன், 'நோயாளி பொருள் ஒன்றை எதிர்பார்க்கும் மனப்பாங்கு உடையவர்' என்று எழுதினார். அவருக்கு அதற்கு மேல் வழி தெரியவில்லை.

கடிகாரம் முனிசாமியின் மார்பில் டக் டக் என்று அடித்துக்கொண்டிருந்தது. நாற்பது நிமிடம் ஆனதும் அவன், "ஆச்சு" என்றான்.

படிவங்கள் சென்னைக்குப் போயின. அங்கே அவற்றைக் கூட்டினார்கள். கவனிப்பு மாதத்துக்கு நூற்றைம்பதைத் தாண்டியது. மாத்திரைச் செலவு பூச்சியத்துக்கு வந்தது. இரண்டையும் ஒரே தாளில் வரைந்து பார்த்தபோது ஒரு கோடு ஏறியது, ஒரு கோடு இறங்கியது. தனி அலுவலர் நமச்சிவாயம் அந்தத் தாளைச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு மருந்தகத்துக்கு வந்தார்.

"நோயாளி என்பவர் யார்?" என்று பரசுராமனைக் கேட்டார்.

"நோய் இருக்கறவங்க, ஐயா."

"அது பாமரர் விளக்கம். நோயை யார் பார்த்தார்? மருந்து எடுப்பவர் எவரோ அவர் நோயாளி. மருந்து எடுப்பதை நிறுத்தியவர் நலமடைந்துகொண்டிருப்பவர். தொண்ணூறு நாள் எடுக்கவில்லை என்றால் நலமடைந்தவர். அவர்களைப் பச்சைப் பதிவேட்டுக்கு மாற்றுங்கள்."

"மாத்தின பின்னால மறுபடி மருந்து கேட்டா, ஐயா?"

"நலமடைந்தவருக்கு மருந்து கொடுப்பது குற்றம், மருந்தாளுநரே. அரசாங்கம் அதை அனுமதிக்காது."

பச்சைப் பதிவேட்டில் முதலில் ஏறியது அங்கம்மாள், குமாரசாமி வீட்டுக்கு மூன்றாம் வீடு. அவள் பக்கத்து ஊரான கூரத்தில் மகள் வீட்டில் இரண்டு மாதம் தங்கி மாத்திரையை விட்டிருந்ததால் அவளுடைய தொண்ணூறு முந்திக்கொண்டது. பரசுராமன் அவள் அட்டையில் பச்சை மையால் 'நலம்' என்று எழுதி, சான்றிதழைக் கொடுத்தார். அங்கம்மாள் அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். பதினாறாம் நாள் செத்துப்போனாள்.

பரசுராமன் அதைத் தெரிவித்துக் கடிதம் எழுதினார். ஒரு வாரத்தில் பதில் வந்தது: 'நலமடைந்தவர்கள் இறப்பது இத்திட்டத்தின் வரம்புக்குள் வராது.'

அன்று முதல் தெருவில் ஒரு புதுப் பழக்கம் தோன்றியது. ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் கரிக்கோடு போட்டு நாள் எண்ணினார்கள். கமலவேணியின் தலைமாட்டில் அறுபத்துமூன்று கோடு இருந்தது.

கம்பவுண்டர் அடுத்த முறை வந்தபோது அவள், "மாத்திரை குடுங்க, பதில் சொல்றேன். இல்லன்னா வாய தொறக்க மாட்டேன்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். முப்பத்திரண்டு கேள்வியும் காலியாகப் போயின. திட்டத்தில் இதற்கும் வழி இருந்தது. 'ஒத்துழையாத நோயாளிக்கு ஆழ்ந்த கவனிப்பு. வாரம் இருமுறை, செவ்வாய், வெள்ளி, எட்டு முதல் பன்னிரண்டு வரை மருந்தாளுநர் நோயாளியின் வீட்டிலேயே இருந்து, அவரது அன்றாட வாழ்வில் பங்குகொள்ள வேண்டும்.'

எழுபத்தொன்றாம் கோடு போட்ட காலையில் பரசுராமனும் முனிசாமியும் கடிகாரமும் நாலு மணி நேரத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

"பங்குகொள்ளணுமாமே?" என்றாள் கமலவேணி. "அந்த மூலையில ராட்டை இருக்குது. தார் சுத்துங்க."

தார் சுற்றுவது என்றால், ராட்டையைச் சுழற்றிப் பட்டு இழையைச் சின்னக் குச்சியில் ஏற்றுவது. அந்தக் குச்சியைத்தான் நாடாவுக்குள் வைப்பார்கள். தறியில் நீளவாட்டில் கட்டிய பாவு இழைகளுக்குள் நாடா ஓட ஓட இந்த இழை குறுக்கே ஊடையாக விழும். அது கமலவேணியின் வேலை. அவள் படுத்த பிறகு குமாரசாமியே தாரும் சுற்றினான், நெய்யவும் செய்தான்.

பரசுராமன் முதல் நாள் பதினேழு முறை இழையை அறுத்தார்.

"தாமல் ஏரியில மீன் புடிக்கிறாப்பல இழுக்காதீங்க, கம்பவுண்டர் ஐயா. பட்டு அது. பச்சப் புள்ளையாட்டம் புடிங்க," என்றாள் கமலவேணி.

"மருந்தாளுநர்னு சொல்லணும்மா," என்றான் முனிசாமி கடிகாரத்துக்குப் பின்னாலிருந்து.

"மருந்த ஆண்டா சொல்றேன். இப்பத்திக்கு ராட்டைய ஆளட்டும்."

பரசுராமன் சிரித்துவிட்டார். சிரித்ததற்காகப் பின்னால் வருத்தப்பட்டார், ஏனென்றால் அவளும் சிரிக்க முயன்று, இருமல் வந்து, துணியை வாயில் அழுத்திக்கொண்டாள்.

தார் போதுமான அளவு சேர்ந்ததும் அவரைத் தறிக்கு அனுப்பினாள். காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். உடலின் ஊடை கரைக்குள் நுழையக் கூடாது. கரையின் ஊடை உடலுக்குள் வரக் கூடாது. ஆகவே கரைக்குத் தனி நாடா உண்டு. உடல் நாடா கரை ஓரம் வந்து நிற்கும். கரை நாடா எதிரே வந்து, இழையோடு இழை கோத்துக்கொண்டு திரும்பும். நெய்பவனுக்கு இரண்டே கை. அதனால் வலப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நாடாவைப் போட வேண்டும். ஆள் இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் நெய்பவனே எட்டிப் போட வேண்டும். ஒரு மணி வேலை இரண்டு மணி ஆகும். மூன்றாவது வருகையில் பரசுராமன் கரை நாடாவைத் தவறாமல் போட்டார். குமாரசாமி போட, அவர் போட, தறிப் பலகையை இழுத்து அடிக்க, கரை ஏறியது. படிவத்தில் 'பங்குகொண்டார்' என்று எழுதினார். அது உண்மை.

எண்பத்தைந்தாம் கோடு செவ்வாயன்று விழுந்தது. அன்று கமலவேணி ராட்டையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மூச்சு வாங்கியது. குமாரசாமி நாடாவைக் கீழே வைத்தான்.

"இன்னும் அஞ்சு நாளு, ஐயா."

"தெரியும்பா."

"ஞாயித்துக்கெழம தொண்ணூறு. அப்பறம் நீங்களே இவளுக்கு நலம்னு எழுதுவீங்க."

பரசுராமன் தம் வலக்கையைப் பார்த்தார். அங்கம்மாளுக்கு எழுதிய கை. "நான் இங்க இல்லன்னா என் வேலை போயிடும். நான் அங்க இல்லன்னா மாத்திரை வராது. ஆத்தா, ரெண்டு எடத்துல எப்படிமா இருக்கறது?"

கமலவேணி பாயில் ஒருக்களித்து இரண்டு பேரையும் பார்த்தாள். ஒருவர் வலம், ஒருவன் நடு, ஆளுக்கொரு நாடா.

"நீங்க எதுக்கு அங்க இருக்கணும்?" என்றாள். "உங்க மூஞ்சிய எவன் பாத்தான் ஒம்போது வருஷமா? அந்தச் சன்னல்ல ஒரு கை இருந்தா போதும்."

முனிசாமி கடிகாரத்துக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டான்: "நான் எதையும் கேக்கல. நான் மணி பாத்துக்கினு இருக்கறேன்."

அதன் பிறகு எல்லாம் பொறுமையாக யோசிக்கப்பட்டது. மருந்தாளுநர் நோயாளியின் வீட்டில் இருக்க வேண்டும் என்று ஆணை சொல்கிறது. நோயாளியின் கணவன் எங்கே இருக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. பன்னிரண்டுக்கு மேல் மாத்திரை கொடுக்கக் கூடாது; ஆனால் இருப்பு எண்ணலாம். மாத்திரையை எப்படி எண்ண வேண்டும் என்று எந்த ஆணையிலும் இல்லை. ஆகவே பரசுராமன் புதன், வியாழன் பிற்பகல் முழுக்க மாத்திரைகளை ஏழு ஏழாக எண்ணினார். எண்ணியது கலந்துவிடாமலிருக்க ஒவ்வொரு ஏழையும் காகிதத்தில் மடித்தார். காகிதங்கள் ஒன்றோடொன்று குழம்பாமலிருக்க ஒவ்வொன்றின் மேலும் ஒரு நோயாளியின் பெயரை எழுதினார். எல்லாவற்றையும் மறுபடி அலமாரியிலேயே வைத்தார்.

புத்தகம் மேசையோடு சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தது. மேசை எதனோடும் பிணைக்கப்படவில்லை. அதைச் சன்னல் ஓரம் நகர்த்தினார்.

பலகை பாக்கி. அதில் நான்கு ஆணி. நான்கையும் பிடுங்கினால் பலகை விழும்; மூடிய சன்னலைத் திறந்த குற்றம் வரும். குமாரசாமி வியாழன் மாலை தறி ரிப்பேர்ச் சாமானோடு வந்து மூன்று ஆணியைப் பிடுங்கினான். மேல் மூலையில் ஒன்றை விட்டான். ஓர் ஆணியில் தொங்கும் பலகையை விரலால் தள்ளினால் ஒரு பக்கம் ஒதுங்கும். விரலை எடுத்தால் தன் பாரத்தில் தானாகத் திரும்பிவந்து துளையை மூடிக்கொள்ளும். மூன்று முறை தள்ளிப் பார்த்தார்கள். மூன்று முறையும் மூடிக்கொண்டது. தள்ளியவரைக் கேட்டால், ஆணி அடித்த பலகை ஆணி அடித்தபடியே இருக்கிறது என்று சொல்லலாம்.

பரசுராமன் மருந்தகத்துக் கொல்லைக் கதவின் சாவியைக் கொடுக்கும்போது அதை விடவில்லை. இரண்டு பேரும் சிறிது நேரம் ஒரே சாவியைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு பொட்டலம் மாறினாலும் போச்சுபா."

"எட்டாயிரம் இழை பாவு, ஐயா. ஒண்ணு மாறினாலும் கண்டுபுடிக்கிறவன் நான்."

வெள்ளிக்கிழமை, எண்பத்தெட்டாம் நாள், எட்டு மணிக்குப் பூட்டிய கதவின் முன்னால் ஏழெட்டுப் பேர் வழக்கம்போல் தாளைப் படித்துக்கொண்டிருந்தார்கள். சன்னல் பலகை ஒதுங்கியது. துளை வழியாக ஒரு கை வந்தது. ஒன்பது வருஷம் பார்த்த கை அது இல்லை. விரல் நுனிகளில் அரக்குச் சாயம் ஏறியிருந்தது. நாடா தள்ளித் தள்ளிப் பெருவிரல் ஓரம் காய்த்திருந்தது. அங்கே நின்றவர்கள் அத்தனை பேரும் நெசவாளர்கள். அந்தக் கை என்ன தொழில் செய்கிறது என்று பார்த்தவுடன் தெரியும், யாருடையது என்றும் பாதிப் பேருக்குத் தெரியும். முதல் ஆளாக நின்ற அம்சவேணி தன் அட்டையை அந்தக் கையில் வைத்தாள். "கம்பவுண்டர் ஐயா நல்லா இருக்கீங்களா?" என்றாள் சத்தமாக, பின்னால் நிற்பவர்களுக்குக் கேட்கும்படி. கை தயங்கிற்று. பிறகு பொட்டலத்தை நீட்டியது. அன்று மத்தியானத்துக்குள் சேதி தெரு முழுக்கப் போயிற்று. யாரும் அதைப் பற்றிப் பேசியதாகத் தெரியவில்லை.

கமலவேணியின் பொட்டலம் பத்து மணிக்கு வீட்டுக்கு வந்தது. முதல் மாத்திரையை அவள் தண்ணீர் இல்லாமலே விழுங்கினாள்.

மூன்றாம் வாரம், வெள்ளிக்கிழமை, ஒன்பது மணிக்குத் தெருவில் ஜீப் சத்தம் கேட்டது. தனி அலுவலர் நமச்சிவாயம் குனிந்து வீட்டுக்குள் வந்தார். முனிசாமி கடிகாரத்தை இறுக்கினான். பரசுராமன் ராட்டைக்கு முன்னால் சம்மணமிட்டு, மடியில் பட்டு இழையோடு, எழுந்திருக்க முடியாமல் இருந்தார்.

தனி அலுவலர் இழை ஓடுவதைப் பார்த்தார். காலித் தறியைப் பார்த்தார். பிறகு மெதுவாகப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

"மருந்தாளுநரே, மாத்திரைச் செலவு ஏறியிருக்கிறது."

ராட்டை நின்றது.

"இந்த வீட்டுக்காரர் எங்கே?"

பாயிலிருந்து கமலவேணி சொன்னாள்: "மருந்தகத்துக்குப் போயிருக்காருங்க."

"மருந்தகம் பூட்டியிருக்கிறதே அம்மா."

"பூட்டித்தாங்க இருக்குது. சன்னலண்ட கொஞ்ச நேரம் இருந்துட்டு வருவாரு. பழக்கம்."

தனி அலுவலர் பெருமூச்சு விட்டார். "பாவம். பழக்கத்தை மாற்றத் தனிப் படிவம் வேண்டும்." அதைக் குறித்துக்கொண்டார். பிறகு தாளை இன்னொரு முறை பார்த்தார். எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் மெல்ல வந்தது.

"புரிந்துவிட்டது. ஆழ்ந்த கவனிப்பால் மக்களுக்கு நம் மேல் நம்பிக்கை வந்திருக்கிறது. நம்பிக்கை வந்ததும் கேட்காமலே மருந்து எடுக்கிறார்கள். கவனிப்புதான் மருந்தையே உண்டாக்குகிறது! இதுவரை யாருக்கும் தோன்றவில்லை." அவர் பரசுராமனின் தோளைத் தட்டினார். "இப்படியே சுற்றுங்கள். மருந்தகத்துப் பக்கம் போகவே வேண்டாம்."

ஜீப்பில் ஏறும்போது ஓட்டுநர், மருந்தகத்தையும் பார்த்துவிட்டுப் போகலாமா என்று கேட்டார். மூடிய சன்னலைப் பார்வையிட அவரிடம் படிவம் இல்லை. ஜீப் நேராகச் சென்னைச் சாலைக்குத் திரும்பியது. அடுத்த மாதம் முதல் ஆழ்ந்த கவனிப்பு மாவட்டத்தின் எல்லா மருந்தகத்துக்கும் விரிவாக்கப்படும் என்று ஆணை வந்தது. மற்ற ஊர்களில் சன்னலுக்கு எத்தனை ஆணி அடித்தார்கள், உள்ளே உட்காரக் கை கிடைத்ததா என்று தெரியாது.

பிள்ளையார்பாளையத்தில் வேலை இப்படி நடக்கிறது. செவ்வாய், வெள்ளி காலை எட்டு முதல் பத்து வரை குமாரசாமி மருந்தகச் சன்னலில் பொட்டலம் கொடுக்கிறான். அந்த இரண்டு மணி நேரம் தறி நிற்கிறது, பரசுராமன் அவன் வீட்டில் தார் சுற்றுகிறார். பத்து முதல் பன்னிரண்டு வரை குமாரசாமி நெய்ய, பரசுராமன் கரை நாடா போடுகிறார். ஆள் துணை இருப்பதால் இரண்டு மணியில் நாலு மணி வேலை முடிகிறது. நின்ற நேரம் ஈடாகிவிடுகிறது. கமலவேணி நாளைக்கு ஒரு மாத்திரை விழுங்குகிறாள்.